ஸ்பர்ஸ்: லாட்டரியில் வந்த வாழ்வா, உழைச்ச காசா?

#1 கறுப்புவெள்ளி

வேற இழையில ஆரம்பிச்ச சண்டையை இங்க தனியா கொண்டாந்துட்டேன். அங்க லேக்கர்ஸ் பத்திப் பேசுறவங்க முறைக்கிறாங்க.

விஷயம் இதுதான். டெக்சாஸ்ல இருக்கிற சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணி அஞ்சு தடவை என்.பி.ஏ (அமெரிக்காவோட பெரிய கூடைப்பந்து லீக்) சாம்பியன்: 1999, 2003, 2005, 2007, 2014. என்.பி.ஏல வருஷா வருஷம் அணிகள் முறை வெச்சு புது வீரர்களை எடுக்கிறது டிராஃப்ட்; மோசமா ஆடின அணிகள்ல யாருக்கு முதல் முறைன்னு குலுக்கிப் போடுறது லாட்டரி. கப்புக் கணக்கைச் சொன்னாலே ஒரு பதில் ரெடியா வருது. "1987ல டேவிட் ராபின்சன், 1997ல டிம் டங்கன், 2023ல வெம்பன்யாமா. மூணு தடவை டிராஃப்ட் லாட்டரியில முதல் இடம். யாருக்குக் கிடைச்சாலும் ஜெயிப்பாங்க."

யாருக்குக் கிடைச்சாலுமா? 1998ல முதல் இடம் கிடைச்ச கிளிப்பர்ஸ் எடுத்தது மைக்கேல் ஓலோவோகாண்டியை. 2001ல வாஷிங்டன் எடுத்தது க்வாமி பிரவுனை. கிளீவ்லேண்டுக்கு 2011, 2013, 2014னு நாலு வருஷத்துல மூணு தடவை அடிச்சுது, அதுல ஒரு தடவை ஆன்தனி பென்னட். அதிர்ஷ்டம் கதவைத் தட்டுறது வேற, வீட்டுக்குள்ள கூப்பிட்டு உக்கார வைக்கிறது வேற.

பேசலாம். திட்டுறவங்க ஆதாரத்தோட திட்டுங்க.

#2 பீனிக்ஸ்_பித்தன்

வந்துட்டேன். என்னை நினைச்சுத்தானே இழையே திறந்தீங்க?

சரி, லாட்டரியை விடுங்க. 2007 மே மாசம், எங்க பீனிக்ஸ் சன்ஸ் – ஸ்பர்ஸ் பிளேஆஃப் சீரிஸ் (ஏழு ஆட்டத்துல முதல்ல நாலு ஜெயிக்கிறவங்க அடுத்த சுற்றுக்கு), நாலாவது ஆட்டம். 18 செகண்ட்தான் பாக்கி, நாங்க ஜெயிச்சாச்சு. ராபர்ட் ஹோரி இடுப்பால இடிச்சு ஸ்டீவ் நாஷை ஸ்கோரர் மேஜை மேல தூக்கி அடிச்சார். நாஷ் கீழ கெடக்கார். அதைப் பாத்து எங்க அமரே ஸ்டவுடமையரும் போரிஸ் டியாவும் பெஞ்ச்லருந்து ரெண்டு எட்டு முன்னால வந்தாங்க. யாரையும் தொடல. அதுக்கு ரெண்டு பேருக்கும் அஞ்சாவது ஆட்டத்துக்குத் தடை! 88–85ல தோத்தோம். அவ்வளவுதான், சீரிஸ் போச்சு.

அடிச்சவன் டீம் கப்பு வாங்குது, எழுந்து நின்னவன் வீட்டுக்குப் போறான். இதுல கலாச்சாரம், பண்பாடுன்னு கட்டுரை வேற எழுதுறாங்க.

#3 கறுப்புவெள்ளி

பித்தா, ஹோரிக்கும் ரெண்டு ஆட்டம் தடை போட்டாங்க, அதை மட்டும் விட்டுட்டீங்களே. தகராறு நடக்கிறப்ப பெஞ்சை விட்டு வந்தாலே தடைங்கிற அந்த விதி மொட்டை விதின்னு நானும் ஒத்துக்கிறேன். ஆனா அதை எழுதினது ஸ்பர்ஸ் இல்லையே.

இன்னொண்ணு. அதே போரிஸ் டியாவை 2012ல சார்லட் அணி வேண்டாம்னு கழட்டி விட்டப்போ கூட்டிட்டு வந்தது யாரு? 2014 ஃபைனல்ஸ்ல மூணாவது ஆட்டத்துலருந்து அவர்தான் ஸ்டார்டிங். உங்க ஆளுக்கும் சாம்பியன் மோதிரம் போட்டு அனுப்பினோம்.

#4 பழைய_கார்ட்

லாட்டரியைப் பற்றி மட்டுமே பேசுகிறீர்கள். இந்த அணி பிறந்ததும் பிழைத்ததும் எப்படி என்று தெரிந்தால் கேள்வியே மாறும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1967இல் என்.பி.ஏவுக்குப் போட்டியாக ஏ.பி.ஏ என்ற லீக் தொடங்கியது. சிவப்பு, வெள்ளை, நீலம் கலந்த பந்து, மூன்று புள்ளிக் கோடு எல்லாம் அவர்கள் பிரபலமாக்கியவை. அதில் டல்லாஸ் சாப்பரல்ஸ் என்று ஓர் அணி. கூட்டமே வராது. டெக்சாஸ் சாப்பரல்ஸ் என்று பெயரை மாற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய் ஆடிப் பார்த்தார்கள், அதற்கும் வரவில்லை. 1973இல் ஆஞ்சலோ டிராசோஸ் என்ற பங்குத் தரகர், கார் வியாபாரி ரெட் மெக்கோம்ப்ஸ் ஆகியோர் தலைமையில் சான் அன்டோனியோவின் வியாபாரிகள் முப்பது பேருக்கு மேல் சேர்ந்து அந்த அணியை வாடகைக்கு எடுத்தார்கள்.

ஆமாம், வாடகைக்கு. சரிப்பட்டு வராவிட்டால் டல்லாஸுக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்பது ஒப்பந்தம். முதலில் 'கன்ஸ்லிங்கர்ஸ்' என்று பெயர் வைக்க நினைத்து, ஆட்டம் தொடங்குமுன்பே 'ஸ்பர்ஸ்' ஆக்கினார்கள். ஒரு சீசன் முடிந்ததும் வாடகைச் சீட்டைக் கிழித்துப் போட்டுச் சொந்தமாக வாங்கிவிட்டார்கள். அந்த ஊரில் வேறு பெரிய தொழில்முறை அணி எதுவும் கிடையாது. ஊரே ஹெமிஸ்ஃபேர் அரங்கத்தில்தான் இருந்தது.

காரணம் பெரும்பாலும் ஒரே ஆள். ஜார்ஜ் கெர்வின். 1974 ஜனவரியில் வர்ஜீனியா ஸ்கொயர்ஸ் அணி கடனில் தத்தளித்தபோது, சுமார் இரண்டேகால் லட்சம் டாலர் கொடுத்து டிராசோஸ் அவரை வாங்கினார். ஜூலியஸ் எர்விங்கை முன்பே விற்றுவிட்ட அணி அது. கெர்வினையும் விற்றால் லீக்கின் மானம் போய்விடும் என்று ஏ.பி.ஏ தலைவர் தடுத்தார். வழக்கு நீதிமன்றம் வரை போய், ஸ்பர்ஸ் பக்கம் தீர்ப்பானது. அது லாட்டரி அல்ல. துணிந்து பணத்தைப் போட்டு, கோர்ட் ஏறி வாங்கியது.

கெர்வினோடு ஜேம்ஸ் சைலஸையும் மறக்கக் கூடாது. டல்லாஸ் காலத்திலிருந்தே கூட வந்தவர். கடைசி நிமிடங்களில் ஆட்டத்தை முடித்துக் கொடுப்பதால் 'கேப்டன் லேட்' என்பார்கள். இனி யாருக்கும் தருவதில்லை என்று ஸ்பர்ஸ் ஓய்வளித்த முதல் சட்டை எண் கெர்வினுடையது அல்ல, சைலஸின் 13தான்.

#5 புதுசு_விக்டர்

ஐயா சூப்பர். நான் வெம்பி (வெம்பன்யாமா) வந்தப்புறம்தான் பாக்க ஆரம்பிச்சேன். ஏ.பி.ஏ என்னாச்சு அப்புறம்? எப்படி என்.பி.ஏக்குள்ள வந்தாங்க?

#6 பழைய_கார்ட்

தம்பி, 1976இல் ஏ.பி.ஏ மூடப்பட்டது. ஸ்பர்ஸ், டென்வர் நகெட்ஸ், இண்டியானா பேஸர்ஸ், நியூயார்க் நெட்ஸ் என்று நான்கு அணிகளை மட்டும் என்.பி.ஏ சேர்த்துக்கொண்டது. சும்மா இல்லை. ஒவ்வொரு அணியும் 32 லட்சம் டாலர் நுழைவுக் கட்டணம் கட்ட வேண்டும்; மூன்று வருடத்துக்கு டிவி வருமானத்தில் பங்கு கிடையாது; அந்த வருட டிராஃப்டிலும் இடம் இல்லை. சொத்தை எழுதி வாங்காத குறை.

இதில் ஒரு வேடிக்கை. சேர்க்கப்படாத அணிகளில் ஒன்று ஸ்பிரிட்ஸ் ஆஃப் செயின்ட் லூயிஸ். அதன் முதலாளிகளான சில்னா சகோதரர்கள், மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு ஒதுங்க மறுத்தார்கள். 22 லட்சம் டாலரோடு, உள்ளே போகும் நான்கு அணிகளின் டிவி வருமானத்தில் ஏழில் ஒரு பங்கு காலமெல்லாம் வேண்டும் என்று எழுதி வாங்கினார்கள். அன்றைக்கு என்.பி.ஏ டிவி பணம் என்பது சில்லறைக் காசு. பிறகு மேஜிக், பேர்ட், ஜோர்டன் எல்லாரும் வந்து அது கோடிகளானது. இல்லாத அணியின் முதலாளிகளுக்கு ஸ்பர்ஸ் உட்பட நான்கு அணிகளும் வருடா வருடம் படியளந்தன. 2014இல் 50 கோடி டாலர் கொடுத்துத்தான் அந்த ஒப்பந்தத்தைப் பெரும்பாலும் தீர்க்க முடிந்தது. அதற்குள் அவர்கள் 30 கோடி டாலர் வரை வாங்கியிருந்தார்கள்.

#7 பீனிக்ஸ்_பித்தன்

அந்த சில்னா அண்ணன் தம்பிதான் கூடைப்பந்து வரலாற்றுலயே பெரிய சாம்பியன். ஒரு பந்து போடாம 80 கோடி!

#8 கோட்டுக்கு_வெளியே

ஐயா, அந்தக் காலத்து ரசிகர்களைப் பத்தியும் சொல்லுங்க. பேஸ்லைன் பம்ஸ்! கூடைக்குப் பின்னாடி உக்காந்து எதிரணியை வறுத்தெடுக்கிற கும்பல். டென்வர் கோச்சா இருந்த லேரி பிரவுன், இந்த ஊர்ல எனக்குப் பிடிச்சது குவாகமோலி மட்டும்தான்னு ஏதோ நக்கலா சொல்லப்போக, அடுத்த தடவை வந்தப்ப அந்த அவகாடோ துவையலையே அவர் மேல வீசினாங்களாம். அதே லேரி பிரவுன்தான் 1988ல ஸ்பர்ஸுக்கே கோச்சா வந்தார். அவர் தன்னோட உதவியாளரா கூட்டிட்டு வந்த ஆள்தான் கிரெக் பொப்போவிச். துவையல் வீணாப் போகல.

#9 கறுப்புவெள்ளி

அக்கா சொன்னது நல்லா இருக்கு. பொப்போவிச் அதுவரைக்கும் யாரு? ஏர்ஃபோர்ஸ் அகாடமியில படிச்சவர், கலிஃபோர்னியாவுல பொமோனா-பிட்சர்னு ஒரு சின்னக் காலேஜுக்கு கோச். விளையாட்டுக்கு ஸ்காலர்ஷிப்பே தராத பிரிவு அது. அங்கருந்து வந்த ஆள் என்.பி.ஏல 1,422 ஆட்டம் ஜெயிச்சுட்டுத்தான் 2025 மே மாசம் இறங்கினார். வேற எந்தக் கோச்சும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்ல.

கெர்வின் பத்தி ஒண்ணே ஒண்ணு. 1978 ஏப்ரல் 9, சீசனோட கடைசி நாள். ஸ்கோரிங் டைட்டிலுக்கு அவருக்கும் டென்வரோட டேவிட் தாம்சனுக்கும் போட்டி. மத்தியானம் தாம்சன் டெட்ராய்ட்ல 73 புள்ளி அடிச்சுட்டார். சாயங்காலம் நியூ ஆர்லியன்ஸ்ல கெர்வினுக்கு 58 தேவை. முதல் ஆறு ஷாட்டும் மிஸ். ரெண்டாவது கால்பகுதியில மட்டும் 33. கடைசியில 63 அடிச்சு, சராசரியில 27.22க்கு 27.15னு ஜெயிச்சார். ஓடி வந்து விரல் நுனியில பந்தை உருட்டி விடுவார் பாருங்க, வியர்வையே இருக்காது. 'ஐஸ்மேன்'னு சும்மாவா பேர் வெச்சாங்க.

#10 பீனிக்ஸ்_பித்தன்

சரி சரி. கெர்வின் லாட்டரி இல்ல, ஒத்துக்கிட்டேன். ஆனா கெர்வின் கப்பு வாங்கலையே? 1979ல வாஷிங்டன்கிட்ட 3–1ன்னு முன்னால இருந்து, 3–4ன்னு தோத்தீங்க. ஏழாவது ஆட்டம் 107–105. கப்பு வந்தது எல்லாம் லாட்டரிக்கு அப்புறம்தான். என் கேள்வி அப்படியே நிக்குது.

#11 கறுப்புவெள்ளி

நிக்கட்டும், பதில் சொல்றேன்.

1987ல அந்தக் காலத்து லாட்டரி. பிளேஆஃபுக்கு (நாக்அவுட் சுற்றுக்கு) வராத ஏழு அணிக்கும் சம வாய்ப்பு, உறையை உருவுறாங்க, ஸ்பர்ஸுக்கு அடிச்சுது. ஆனா ராபின்சன் கடற்படை அகாடமி மாணவர். ரெண்டு வருஷம் சேவை முடிச்சாத்தான் வர முடியும். ஜார்ஜியாவுல கிங்ஸ் பே நீர்மூழ்கித் தளத்துல வேலை பாத்தார். அந்த ரெண்டு வருஷம் காத்துக்கிட்டிருந்த டீம் 1988–89ல 21 ஆட்டம்தான் ஜெயிச்சுது. அவர் வந்த வருஷம் 56. 35 ஆட்டம் கூடுதல், அன்னைக்கு அது சாதனை.

அப்படியும் பத்து வருஷம் கப்பு இல்ல. 1996–97ல ராபின்சனுக்கு அடி, ஆறே ஆறு ஆட்டம்தான் ஆடினார். ஜெனரல் மேனேஜரா இருந்த பொப்போவிச் கோச் பாப் ஹில்லை நீக்கிட்டு தானே நாற்காலியில உக்காந்தார். ஊரே திட்டுச்சு. 20 வெற்றி, 62 தோல்வி. அடுத்து லாட்டரி: போஸ்டன்கிட்ட ரெண்டு சீட்டு, டங்கன் அவங்களுக்குத்தான்னு எல்லாரும் முடிவே பண்ணியாச்சு. ஸ்பர்ஸுக்கு வந்துட்டார். இது அதிர்ஷ்டம், மறுக்கல.

இப்ப பித்தர் கவனிக்க வேண்டிய இடம். ராபின்சன், டங்கன் ரெண்டு பேரும் இருந்தும் 1999 சீசனை 6–8ன்னு (6 வெற்றி, 8 தோல்வி) ஆரம்பிச்சாங்க. லாக்அவுட்னால (முதலாளிகளுக்கும் வீரர்களுக்கும் தகராறாகி ஆட்டம் நின்னதால) 50 ஆட்டம்தான் அந்த வருஷம். பொப்போவிச்சைத் தூக்குங்கன்னு கூச்சல். ஹூஸ்டன் ஆட்டத்துல தோத்தா ஆள் காலி, அப்ப டிவி வர்ணனையாளரா இருந்த டாக் ரிவர்ஸ் வருவார்னு பேச்சு. ஏவரி ஜான்சனும் ராபின்சனும் கோச் பக்கம் நின்னாங்க. ஹூஸ்டன்ல ஜெயிச்சாங்க. அதுலருந்து 31–5, கப்பு. ஏ.பி.ஏலருந்து வந்த அணி என்.பி.ஏ சாம்பியன் ஆனது அதுதான் முதல் தடவை. ஃபைனல்ஸ்ல நிக்ஸை முடிச்சு வெச்ச கடைசிக் கூடையைப் போட்டதும் ஏவரி ஜான்சன்தான். அவர் டிராஃப்ட்லயே எடுக்கப்படாத ஆள்.

#12 பழைய_கார்ட்

டிராஃப்டின் பின்வரிசையில் வந்தவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மானு ஜினோபிலி 1999 டிராஃப்டில் 57ஆவது. அவருக்குப் பின்னால் ஒரே ஒருவர்தான். டோனி பார்க்கர் 2001இல் 28ஆவது, முதல் சுற்றின் கடைசி ஆள். பார்க்கரை முதல் தடவை சோதித்தபோது லான்ஸ் பிளாங்க்ஸ் என்ற முன்னாள் வீரரை எதிரே நிறுத்தி உடம்பால் நெருக்க விட்டார்கள். பையன் தடுமாறினான், பொப்போவிச்சுக்குப் பிடிக்கவில்லை. அணி நிர்வாகத்திலிருந்த ஆர்.சி. புஃபோர்டும் மற்றவர்களும் வற்புறுத்தி மறுபடி வரவழைத்தார்கள். அவர் 2007இல் ஃபைனல்ஸ் எம்விபி (இறுதித் தொடரின் சிறந்த வீரர்), அந்த விருது வாங்கிய முதல் ஐரோப்பியர்.

#13 ஸ்கார்பரோ_பெடியன்

நான் டொராண்டோ ராப்டர்ஸ் ஆள். எங்கட 2019 கப்புக்கு உங்கட டீமுக்கு நன்றி சொல்லத்தான் வந்தனான்.

கவாய் லெனர்டைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லையே? 2011ல ஜார்ஜ் ஹில்லைக் குடுத்து வாங்கின பெடியன், 22 வயசில 2014 ஃபைனல்ஸ் எம்விபி. பிறகு 2017–18ல தொடையில காயம் எண்டு ஒன்பது மேட்ச்தான் ஆடினார். டீம் டாக்டர்மார் ஒண்டு சொல்ல, அவற்ற ஆக்கள் வேற ஒண்டு சொல்ல, கடைசியில ஆளையாள் நம்பாத நிலை. 2018 ஜூலையில டெமார் டிரோஸனைக் குடுத்து அவரையும் டேனி கிரீனையும் நாங்கள் எடுத்தம். டிரோஸன் இஞ்ச டொராண்டோவுக்காக உயிரைக் குடுத்தவர், அழாத ஆளில்லை. ஒரு வருசத்தில கப்பு வந்திட்டுது, கவாயும் போயிட்டார்.

குடும்பம், பண்பாடு எண்டு சொல்லுற இடத்திலதான் இதுவும் நடந்தது. அதையும் எழுதுங்கோவன்.

#14 கறுப்புவெள்ளி

அண்ணே, அது ஆறாத புண். 2019 ஜனவரியில அவர் ராப்டர்ஸ் சட்டையில சான் அன்டோனியோ வந்தப்ப அரங்கம் முழுக்க ஊளை, துரோகின்னு கூச்சல். அன்னைக்கு டிரோஸன் தன் பழைய டீமுக்கு எதிரா வாழ்க்கையில முதல் டிரிபிள் டபுள் (மூணு கணக்குல பத்துக்கு மேல) அடிச்சு 125–107ன்னு ஜெயிச்சோம். சந்தோஷமா இருந்துச்சு, பொய் சொல்லல.

ஆனா 2023 நவம்பர்ல கிளிப்பர்ஸ் ஆளா வந்தப்ப கவாய் ஃப்ரீ த்ரோ போட நிக்கிறார், கூட்டம் கத்துது. பொப்போவிச் நேரா மேஜைக்குப் போய் மைக்கை வாங்கி, நிறுத்துங்க, நம்ம ஆளுங்க இப்படி இல்லைன்னு அரங்கத்தையே கண்டிச்சார். கூட்டம் கேட்டுச்சான்னு கேக்காதீங்க, இன்னும் சத்தமாக் கத்துச்சு.

#15 கோட்டுக்கு_வெளியே

எல்லாரும் ஆம்பளைங்களையே எழுதிட்டு இருக்கீங்க. பெக்கி ஹாமன்! சான் அன்டோனியோ பெண்கள் அணியில ஆடினவங்க. 2014 ஆகஸ்ட்ல பொப்போவிச் அவங்களை உதவிக் கோச்சா எடுத்தார், என்.பி.ஏல முழுநேர உதவிக் கோச்சான முதல் பெண். 2020 டிசம்பர் 30, லேக்கர்ஸ் ஆட்டம், நடுவர்கிட்ட கத்தினதுக்கு பொப்போவிச்சை வெளிய அனுப்பிட்டாங்க. போற போக்குல ஹாமனைக் கை காட்டிட்டுப் போனார். என்.பி.ஏ சீசன் ஆட்டத்துல தலைமைக் கோச் வேலையைப் பாத்த முதல் பெண் அவங்கதான்.

ஆனா ஒரு குறை எனக்கு உண்டு. தலைமைக் கோச் பொறுப்பை எந்த என்.பி.ஏ அணியும் தரல. லாஸ் வேகாஸ் ஏசஸ் போய் 2022, 2023 ரெண்டு வருஷமும் கப்பு வாங்கினாங்க. அந்த ஏசஸ், சான் அன்டோனியோவுலருந்து கிளம்பிப் போன அதே பெண்கள் அணிதான். ஊர் எதையெதை இழந்திருக்குன்னு பாருங்க.

#16 பீனிக்ஸ்_பித்தன்

அக்கா பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது.

மத்தவங்களுக்கு: 2000ல டங்கன் ஆர்லாண்டோ போறதுக்கு ஒரு அடிதான் பாக்கி. போயிருந்தா? மிச்ச நாலு கப்பும் காத்துல. ஒரு ஆள் முடிவுல நிக்கிற வண்டிக்குப் பேரு அமைப்பா?

#17 பழைய_கார்ட்

நல்ல கேள்வி. அந்த ஒரு ஆள் ஏன் போகவில்லை என்பதுதான் பதில்.

டங்கன் செயின்ட் குரோய் தீவில் பிறந்தவர், நீச்சல்காரர். 1989இல் ஹியூகோ புயல் அந்தத் தீவின் பெரிய நீச்சல் குளத்தை நாசமாக்கியது. அதற்கடுத்த ஆண்டு, 14ஆவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள், அம்மா புற்றுநோயில் போய்விட்டார். பிறகுதான் முழுதாகக் கூடைப்பந்து. தொழில்முறைக்கு முன்பே போயிருக்கலாம். நான்கு வருடமும் கல்லூரியில் இருந்து படித்து முடித்தார். இடம் மாறிக்கொண்டே இருக்க விரும்பாத மனிதர். 19 சீசனும் ஒரே அணி. 2012இல் வருடத்துக்கு 2 கோடி டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்தவர், மற்ற வீரர்களை வைத்துக்கொள்ள வசதியாகப் பாதிக்கும் குறைவான சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட்டார்.

2013ஐப் பாருங்கள். ஆறாவது ஆட்டம், மயாமி. 28 செகண்ட் பாக்கி, ஐந்து புள்ளி முன்னிலை. கோப்பை கொடுக்கத் தளத்தைச் சுற்றி மஞ்சள் கயிறு கட்டத் தொடங்கிவிட்டார்கள். ரே ஆலன் மூலையில் நின்று மூன்று புள்ளி போட்டார், கூடுதல் நேரத்தில் தோல்வி. அதற்கு முன் தவறிய பந்தைப் பிடிக்க வேண்டிய அந்தக் கடைசி ரீபவுண்டின்போது டங்கனைப் பெஞ்சில் உட்கார வைத்தது பொப்போவிச்தான். அது தவறு என்பது என் கருத்து. ஏழாவது ஆட்டத்தில் டங்கன் கூடைக்கு அடியிலேயே ஒரு சுலபமான பந்தைத் தவறவிட்டுத் தரையில் ஓங்கி அறைந்தார். 19 வருடத்தில் அவர் அப்படி உடைந்து நான் பார்த்தது அந்த ஒரு முறை.

ஆறாவது ஆட்டம் தோற்ற இரவு, வெற்றி விருந்துக்கென்று பிடித்து வைத்திருந்த அதே உணவகத்துக்குப் பொப்போவிச் எல்லாரையும் கூட்டிப்போய்ச் சாப்பிட வைத்தார். அடுத்த வருடம் அதே மயாமியை 4–1. ஐந்து ஆட்டத்திலும் சேர்த்து 70 புள்ளி வித்தியாசம். ஃபைனல்ஸில் சராசரி வித்தியாசம் அதைவிடப் பெரிதாக அதுவரை இருந்ததில்லை.

#18 புதுசு_விக்டர்

ஒரு டவுட். பிப்ரவரி மாசம் ஆனா டீம் ஏன் ஊர்லயே இருக்கிறதில்ல? வரிசையா வெளியூர் ஆட்டமாவே இருக்கு.

#19 கோட்டுக்கு_வெளியே

ரோடியோ! காளை, குதிரை மேல ஏறி அடக்குற போட்டி. ஊர்ல கால்நடைக் கண்காட்சியும் ரோடியோவும் வருஷா வருஷம் அந்த அரங்கத்துலதான். மாடும் குதிரையும் உள்ள வந்தா டீம் வெளிய போயாகணும். 'ரோடியோ டிரிப்'னே பேர். நல்ல காலத்துல அந்தப் பயணத்துலதான் டீம் செட் ஆகும்னு சொல்வாங்க.

அப்புறம் அதே அரங்கத்துல 2009 ஹாலோவீன் அன்னைக்கு ஆட்டத்துக்கு நடுவுல ஒரு வௌவால் புகுந்துருச்சு. எல்லாரும் ஒதுங்க, மானு ஜினோபிலி பறந்ததை ஒரே அறை. கைதட்டல் அள்ளிச்சு. அப்புறம் ரேபிஸ் ஊசி போட அனுப்பிட்டாங்க.

#20 ஸ்கார்பரோ_பெடியன்

ஹாஹா, அந்த வீடியோ இப்பவும் பார்ப்பன்.

உங்கட ஊர்ச் சனம் உண்மையான சனம் எண்டதை மறுக்கேலாது. 2023 ஜனவரியில பழைய அலமோடோம் அரங்கில ஒரு மேட்ச் வச்சவை, 68,323 பேர் வந்தவை. என்.பி.ஏ சீசன் ஆட்டத்தில சாதனை. அந்த வருசம் உங்கட டீம் படு மோசம்.

#21 கறுப்புவெள்ளி

வாரியர்ஸ்கிட்ட 144–113ன்னு தோத்தோம் அண்ணே. 68 ஆயிரம் பேர் முன்னாடி. அந்த மோசத்துலதான் நாலு மாசத்துல வெம்பி லாட்டரி அடிச்சுது. பித்தர் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நானே சொல்லிடுறேன்: ஹூஸ்டன், டெட்ராய்ட், சான் அன்டோனியோ மூணுக்கும் அதே 14 சதவீத வாய்ப்புதான்.

#22 புதுசு_விக்டர்

நான் பழைய ஆட்டம் ஏதாவது முழுசாப் பாக்கணும்னா எது?

#23 பழைய_கார்ட்

1999 மே 31. போர்ட்லேண்டுக்கு எதிராக, மேற்குப் பிரிவு இறுதியின் இரண்டாவது ஆட்டம். ஒரு கட்டத்தில் 18 புள்ளி பின்தங்கியிருந்தார்கள். 9 செகண்ட் பாக்கி. ஷான் எலியட்டுக்கு வந்த பந்தைப் பறிக்க ஸ்டேசி ஆக்மன் பாய்ந்தார், விரல் இடைவெளியில் தப்பியது. எலியட் பிடித்த இடம் எல்லைக்கோட்டின் ஓரம். குதிகால் கீழே பட்டால் அவுட். குதிகாலைத் தூக்கி, கால் விரல்களிலேயே நின்று, ரஷீத் வாலஸின் நீண்ட கைக்கு மேலாக மூன்று புள்ளி போட்டார். 86–85.

அப்போது அவருடைய சிறுநீரகங்கள் செயலிழந்துகொண்டிருந்தன. ஊருக்குத் தெரியாது. கோப்பை வாங்கிய பிறகு, ஆகஸ்டில் அவருடைய அண்ணன் ஒரு சிறுநீரகம் கொடுத்தார். 2000 மார்ச்சில் எலியட் மறுபடி ஆட வந்தார். சிறுநீரக மாற்று அறுவைக்குப் பின் என்.பி.ஏவில் ஆடிய முதல் வீரர்.

#24 பீனிக்ஸ்_பித்தன்

இதைப் பாரு தம்பி, நானும் சொல்றேன், பாக்க வேண்டிய ஆட்டம்.

அப்புறம் 2007 நாலாவது ஆட்டத்துக்குத் தனி இழை திறந்திருக்கேன். கறுப்புவெள்ளி கண்டிப்பா வரணும்.